லேசருக்கு ஒளித்த மஞ்சள் கார்

காரைப் பற்றி ஓயாமல் கதைக்கிறவனை டெனிஸ்டன் மதிப்பதில்லை. முப்பது வருடமாகக் காருக்குள் தலையைக் கொடுத்து, வயர் இழுத்துச் சோறு தின்கிற மனிதன் இப்படிச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? ஆனாலும் அது உண்மைதான். பழைய சின்னக் காருக்குப் பின்னால் விமானச் செட்டை மாதிரி ஒன்றைப் பூட்டச் சொல்லி ஒருவன் வருவான். காரின் அடியில் நீல வெளிச்சம் எரியவேண்டும் என்று இன்னொருவன் வருவான். டெனிஸ்டன் மறுபேச்சில்லாமல் பூட்டிக்கொடுப்பார். "வடிவாயிருக்கே அண்ணை?" என்று கேட்டால், "வயர் கழலாது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

பின்னேரம் செபமாலை சொல்லும்போது அவர்களுக்காகவும் ஒரு மணி உருட்டுவார். ஆண்டவர் எல்லாரையும் நேசிக்கச் சொன்னார். மதிக்கச் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை.

ஊரில், பாசையூரில், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பிறகு கடற்கரையில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிற வேலை. தொண்ணூற்று மூன்றில் கனடா வந்து, பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாகப் படுத்தெழும்பி, ஒரு போர்த்துக்கீசக் கிழவனின் கார் ரேடியோக் கடையில் நிலம் கூட்டப் போனார். கிழவனுக்கும் ஆங்கிலம் தெரியாது, இவருக்கும் தெரியாது. அதனால் வேலையைக் கையால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கையால் படித்தது மறக்காது. இன்றைக்கும் மல்வேர்ன் பக்கத்தில் பனிக்காலத்துக்கு, வீட்டுக்குள் இருந்தபடியே காரை ஸ்ராட் பண்ணுகிற றிமோட் ஸ்ராட்டர் பூட்டவேண்டும் என்றால், "பிளாசாவுக்குப் பின்னால எட்டாம் நம்பர் கராஜ், டெனிஸ்டன் அண்ணையிட்டப் போ" என்றுதான் சொல்வார்கள்.

அந்த எட்டாம் நம்பர் அவருக்கு வெறும் இடமல்ல. பதினொரு வருடம். ஒரு கார் நுழைந்தால் நாலு பக்கமும் ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நடக்கிற அகலம். சுவரில் அந்தோனியார் படம், பக்கத்தில் ஒரு ஹீற்றர். ஐம்பத்தேழு வயதில் இனி இன்னொருவனுக்குக் கீழே நின்று வேலை செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கராஜ் போனால் அவர் கையில் இருக்கும் வேலையும் போய்விடும். அதன் லீஸ் இந்த மே மாதத்தோடு முடிகிறது.

லீஸைப் புதுப்பிக்கிற அதிகாரம் ஸ்ரீதரனுடைய கையில் இருந்தது. பிளாசாவின் சொந்தக்காரர் வேறு எங்கேயோ இருக்கிற சீனத்து மனிதர். அவருக்காக எல்லாவற்றையும் பார்க்கிறவர் வீடு விற்கிற ஸ்ரீதரன்தான். மல்வேர்னில் பஸ் தரிப்பிடத்தில் சனங்கள் இருக்கிற வாங்குகளில் எல்லாம் அவர் படம் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் பல்லைப் பார்த்தால் வீடு விற்கிறவர் என்று தோன்றாது, பற்பசை விற்கிறவர் என்றுதான் தோன்றும். சனங்கள் அந்த முகத்தின்மேல் இருந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் அவர் செய்த உபகாரம் அது ஒன்றுதான் என்பது டெனிஸ்டனின் எண்ணம்.

ஏப்ரல் நடுப்பகுதியில், பனிக்குப் போட்ட வீதி உப்பெல்லாம் கழுவுண்டு போன பிறகு, ஸ்ரீதரன் ஒரு மஞ்சள் காரில் வந்து இறங்கினார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. அந்தக் கார் நிலத்தோடு அப்பிக்கொண்டு கிடந்தது. அதற்குள்ளிருந்து நாற்பத்தாறு வயது மனிதன் வெளியே வருவது, கிணற்றுக்குள் விழுந்தவன் ஏறி வருகிற மாதிரி இருந்தது. கையில் ஒரு காட்போட் பெட்டி.

"அண்ணை, ஒரு சின்ன வேலை."

சின்ன வேலை என்று சொல்லிக்கொண்டு வருகிறவனின் வேலை ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை. டெனிஸ்டன் பெட்டியைத் திறந்தார். தீப்பெட்டி அளவில் நாலு கறுத்த சென்சர்கள், ஒரு கட்டு வயர், லேசர் பட்டதும் காருக்குள் சத்தம் போட ஒரு சின்னப் பெட்டி. அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தது.

"இது என்ன செய்யும் எண்டால்," என்று ஸ்ரீதரன் தொடங்கினார், "பொலிஸ்காரன் லேசர் துவக்கால காருக்கு அடிக்கிறானெல்லே, அந்த வெளிச்சம் காரில பட்டுத் திரும்பிப் போனால்தான் அவனுக்கு ஸ்பீட் தெரியும். இந்தச் சென்சர் அதைக் கண்ட உடன திருப்பி ஒரு வெளிச்சத்தை அடிச்சு அவன்ர மெசினைக் குழப்பிப்போடும். அவனுக்கு நம்பர் வராது. அதுக்கிடையில நான் பிரேக்கை அமத்திப் போடுவன்."

"தெரியும் தம்பி. உது இஞ்ச சட்டமில்லை."

"சட்டமில்லைத்தான். ஆர் பாக்கப் போறான்?"

"ஒருத்தரும் பாக்காமல் இருக்கத்தானே பூட்டச் சொல்லுறியள்."

ஸ்ரீதரன் சிரித்தார், வாங்கில் சிரிக்கிற அதே சிரிப்பு. "போன மாரியோட றோட்டுக் கமராவெல்லாம் கழட்டிப்போட்டாங்கள், நல்லம் எண்டு நினைச்சன். இப்ப பொலிஸ்காரன் மரத்துக்குப் பின்னால துவக்கோட நிக்கிறான். நிம்மதியா ஓடேலாமல் கிடக்கு."

"மெதுவா ஓடினா உது தேவையில்லையே. அதுக்குப் பூட்டுக்கூலியும் இல்லை."

"மெதுவா ஓடுறதுக்கோ அண்ணை இந்தக் காரை வாங்கினனான்?"

யூனியன்வில்லில் இருக்கிற வீட்டிலிருந்து மல்வேர்னில் இருக்கிற ஒஃபீசுக்கு வருவதற்கு முந்நூறு கிலோமீற்றர் வேகம் ஓடுகிற கார். இடையில் எத்தனை சிவப்பு லைற் இருக்கிறது என்று டெனிஸ்டனுக்குத் தெரியும். வந்து சேர்ந்ததும் இந்த மனிதன் இறங்குவதுகூட இல்லை. காருக்குள்ளேயே அரைமணித்தியாலம் இருந்து போன் பார்ப்பார். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு அவசரமாக வந்திருக்கிறார்.

"என்னால ஏலாது தம்பி. வேற ஆளைப் பாருங்கோ."

ஸ்ரீதரன் கோபப்படவில்லை. அந்தோனியார் படத்தைப் பார்த்தார், ஹீற்றரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வீடு பார்க்க வந்தவன் மாதிரி. "உங்கட லீஸ் வாற மாசம் முடியுதென்ன? ஒரு வேப் சிகரட் கடைக்காரன் இந்த இடத்தைத் தாங்கோ தாங்கோ எண்டு நிக்கிறான். நான்தான் எங்கட டெனிஸ்டன் அண்ணை எண்டு பிடிச்சு வைச்சிருக்கிறன். இன்னும் அஞ்சு வருசத்துக்கு எழுதித்தாறன். பேப்பர் ரெடி."

சொல்லிவிட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காரையும் விட்டுவிட்டுப் போனார்.

டெனிஸ்டன் அன்று ஒரு தேத்தண்ணியை ஆறவிட்டு, ஆறியதையே குடித்தார். பிறகு எழும்பிப்போய்க் காரின் முன் பம்பரைக் கழற்றினார். எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் பம்பரைக் கழற்றினால் சங்கதி வெளித்துவிடும். அந்தக் கோபமான மூஞ்சி முழுவதும் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் ஓடு. அதற்குப் பின்னால் ஒரு பஞ்சுக்கட்டை. அவ்வளவுதான். வாங்கில் இருக்கிற படத்துக்குப் பின்னாலும் வெறும் பலகைதானே என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவருக்கு ஒரு சின்னச் சுகத்தைத் தந்தது. வேலை முடியும்வரை அந்தச் சுகத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார், இல்லாவிட்டால் தன்னைப் பற்றி நினைக்க வேண்டி வந்திருக்கும்.

வேலை சுத்தம். கூடாத வேலையைக்கூட மோசமாகச் செய்ய அவருக்குத் தெரியாது. சென்சர்களை முன்பக்கக் கிறில் வலையின் கறுப்போடு கறுப்பாக, நாலு மூலையிலும் மட்டம் பார்த்து வைத்தார். ஸ்ரீதரன் வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "முன்பக்கத்தை எப்பவும் துப்பரவா வைச்சிருங்கோ. ஊத்தை பிடிச்சா வேலை செய்யாது."

"என்ர காரில ஊத்தையோ?" என்றார் ஸ்ரீதரன்.

அந்தச் சனிக்கிழமை தன் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன டெனிஸ்டன் இதைச் சுவாமியிடம் சொல்லவில்லை. வயர் பூட்டுவது பத்துக் கட்டளைக்குள் வராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனைவி பேர்ணடெற்றிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்வது சுவாமியிடம் சொல்வதைவிடக் கடினம்.

பேர்ணடெற்றுக்கு வேலை, பிளாசாவுக்கு முன்னால் இருக்கிற பள்ளிக்கூட வீதியில் பிள்ளைகளை மறுபக்கம் கடத்திவிடுவது. பளிச்சென்ற மேலங்கி போட்டு, கையில் சிவப்பு ஸ்ரொப் பலகையோடு காலையும் பின்னேரமும் நிற்பாள். பனியிலும் நிற்பாள். பலகையைத் தூக்கினால் பஸ்ஸும் நிற்கும், குப்பை லொறியும் நிற்கும். வீட்டிலும் அந்தப் பலகை கையில் இருப்பதாகத்தான் டெனிஸ்டனுக்குத் தோன்றும்.

திங்கட்கிழமை பின்னேரம் அவள் கராஜுக்குள் வந்து, மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒரு விசரன் வந்தான். நான் பலகையைத் தூக்கிப்போட்டன், பக்கத்து வீட்டு றோசலின்ர பேத்தி ஒரு காலை றோட்டில வைச்சிட்டாள். வாறான் ஒரு மஞ்சள் காரில. நான் பிள்ளையைச் சட்டையில பிடிச்சு இழுத்தன். காத்து மூஞ்சையில அடிச்சிது."

டெனிஸ்டனின் கையில் இருந்த குறடு அப்படியே நின்றது. "பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை. பயந்து அழுதாள். மாதா காப்பாத்தினா. ஆனா கேளுங்கோ, அங்கால பஸ் தரிப்பிடத்து வாங்குக்குப் பின்னால பொலிஸ்காரன் துவக்கோட நிண்டவன். எங்கட ஸ்ரீதரன்ர படம் ஒட்டின வாங்குக்குப் பின்னாலதான். நல்லா அடிச்சுப் பிடிச்சிட்டான். நாப்பதில ஓடவேண்டிய இடத்தில எழுபத்துநாலு. போய்ப் பாத்தா காருக்குள்ளையும் அதே ஸ்ரீதரன். காரின்ர மூஞ்சை முழுக்கச் சந்தனப் பொட்டு."

"சந்தனமோ?"

"ஓம், வெள்ளிக்கிழமை கோயிலில காருக்குப் பூசை செய்தவையாம், அவன்ர மனிசி யோகராணி சொன்னவ. கடவுளைக் கும்பிட்டுப்போட்டுப் பிள்ளையளுக்கு மேல ஏத்த வாறான்." அவள் எழும்பினாள். "உவனுக்கு ஒரு கார் தேவையே? உவனைக் கயித்தில கட்டி நடத்திக்கொண்டு போகவேணும்."

இவ்வளவு நாளும் மற்றவர்களுக்கென்று வைத்திருந்த அந்த ஏளனம், அன்றைக்கு முதன்முதலாக டெனிஸ்டன் பக்கம் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தது. செட்டை பூட்ட வருகிறவனும் நீல வெளிச்சம் கேட்கிறவனும் தங்களைத்தான் பழுதாக்கிக்கொண்டார்கள். அவர் பூட்டிக்கொடுத்தது, பேர்ணடெற் நிற்கிற வீதியில் ஒருவன் பயமில்லாமல் பறப்பதற்கு. அதை மட்டம் பார்த்து வேறு வைத்திருந்தார்.

அடுத்தநாள் காலை மஞ்சள் கார் வந்தது. பக்கத்து ஆசனத்தில் மனைவி யோகராணி இருந்தாள். ஸ்ரீதரன் இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"என்ன வேலை அண்ணை செய்து வைச்சிருக்கிறியள்? உந்தச் சாமான் ஒரு சத்தமும் போடேல்லை. அவன் சுகமா எழுபத்துநாலு எண்டு எழுதித்தந்திட்டான். லைசென்சில நாலு புள்ளி வெட்டுறாங்கள். உங்களை நம்பினதுக்கு இதோ?"

டெனிஸ்டன் முழங்காலில் இருந்து பார்த்தார். கிறிலுக்குள் நாலு சென்சர்கள். நாலிலும் சந்தனம், நாலிலும் நடுவில் குங்குமம். பெருவிரல் அகலத்துக்கு, தடிப்பாக, காய்ந்து கல்லாகிப்போய் இருந்தது. சூரியனே அடித்தாலும் அதற்குள்ளால் போகாது.

"இதை ஆர் வைச்சது?"

யோகராணி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "நான்தான் அண்ணை. ஐயர் போனற்றிலயும் சில்லிலயும்தான் வைச்சவர். இவர் சொன்னவர், முன்னுக்குப் புதுசா நாலு சாமான் பூட்டினது, காரைவிட அதுதான் முக்கியம் எண்டு. முக்கியமான சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமே? நான்தான் சந்தனத்தை வாங்கி நாலுக்கும் வைச்சனான்."

"உனக்கு மூளை இருக்கோ?" என்றார் ஸ்ரீதரன்.

"பொட்டு வைக்கவேண்டாம் எண்டு நீங்கள் சொல்லேல்லையே."

"தம்பி," என்று டெனிஸ்டன் நிலத்தில் இருந்தபடியே கேட்டார், "பொலிஸ்காரன் முன்னுக்கு வந்து பாத்தவனோ?"

"பாத்தவன். குனிஞ்சு பாத்திட்டு, இது என்ன எண்டு கேட்டவன். பிளெசிங் எண்டன். சரியெண்டு போயிட்டான்."

"அப்ப அந்தச் சந்தனம் இல்லாட்டி அவன் சாமானைக் கண்டிருப்பான். உதைப் பறிச்சுக்கொண்டு உங்களைக் கோட்டுக்கும் இழுத்திருப்பான். தங்கச்சிதான் உங்களைக் காப்பாத்தியிருக்கிறா."

ஸ்ரீதரனுக்கு அது காதில் ஏறவில்லை. நன்றி சொல்கிற பழக்கம் இருந்தால்தானே ஏறும். "சரி, துடைச்சு விடுங்கோ. வடிவாத் துடையுங்கோ. பேப்பர் கொண்டுவந்திருக்கிறன், முடிச்சிட்டுச் சைன் வைப்பம்." கராஜ் வாசலுக்குப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாருக்கோ மூன்று அறை வீடு ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

நாலு பொட்டு. ஈரத்துணியால் நாலு தரம் துடைத்தால் ஐந்து வருடம். டெனிஸ்டன் துணியை நனைத்துப் பிழிந்தார். கிறிலுக்கு முன்னால் குனிந்தார். வாசலில் ஸ்ரீதரனுடைய குரல், "பள்ளிக்கூடம் கிட்ட, பிள்ளையளுக்கு நல்ல இடம்" என்று விற்றுக்கொண்டிருந்தது.

டெனிஸ்டன் துணியைத் தோளில் போட்டுவிட்டுப் பம்பரைக் கழற்றினார்.

நாலு சென்சரையும் எடுத்தார். வயரை உள்ளிருந்து இழுத்தார். பூட்டும்போது எவ்வளவு பக்குவமோ, கழற்றும்போதும் அவ்வளவு பக்குவம். சந்தனத்தை நன்றாகத் துடைத்து, எல்லாவற்றையும் அந்தக் காட்போட் பெட்டிக்குள் அடுக்கினார். யோகராணி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு விளங்கியது. வாசலைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். பிறகு போய் டெனிஸ்டனின் கதிரையில் இருந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பம்பரைத் திரும்பப் பூட்டி முடியவும் ஸ்ரீதரன் போனை வைத்துவிட்டு வந்தார். டெனிஸ்டன் பெட்டியை நீட்டினார்.

"இது என்ன?"

"உங்கட சாமான். துடைச்சிருக்கிறன்."

ஸ்ரீதரன் பெட்டியைத் திறந்து பார்த்தார், குனிந்து கிறிலைப் பார்த்தார். "கழட்டச் சொல்லி ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நேற்று நீங்கள் போன றோட்டில பலகை பிடிச்சுக்கொண்டு நிண்டது என்ர மனிசி. நீங்கள் கண்டிருக்க மாட்டியள். ஒரு பிள்ளையின்ர கால் றோட்டில நிண்டது. அதையும் கண்டிருக்க மாட்டியள்."

"ஒண்டும் நடக்கேல்லையே."

"அவள் இழுத்தபடியால் நடக்கேல்லை."

"அண்ணை, எனக்குப் பிரசங்கம் வேண்டாம். திருப்பிப் பூட்டுங்கோ. இல்லையெண்டால் இந்தப் பேப்பரை நான் கொண்டு போறன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சிட்டுத்தான் கழட்டினனான். பூட்டுறதுக்கு முதல்தான் யோசிக்கேல்லை."

ஸ்ரீதரனுடைய முகம் வாங்குப் படத்தில் இல்லாத ஒரு நிறத்துக்குப் போனது. "உங்களைப்போல ஆக்களுக்கு இடம் பிடிச்சு வைச்ச என்னைச் சொல்லவேணும். அஞ்சாம் வகுப்புப் படிச்சவனுக்கு நன்மை செய்தா இப்பிடித்தான்."

"ஓம் தம்பி. ஆறாம் வகுப்பிலதான் லேசருக்கு ஒளிக்கப் படிப்பிச்சிருப்பினம். நான் போகேல்லை."

கதிரையில் இருந்த யோகராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடினாள், ஆனாலும் சத்தம் வெளியே வந்துவிட்டது. ஸ்ரீதரன் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கராஜே வேகவேண்டும். அவள் எழும்பி, டெனிஸ்டனைப் பார்த்து, "வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போய்க் காருக்குள் குனிந்து ஏறினாள். கார் பெரிதாகச் சத்தம் போட்டுக்கொண்டு புறப்பட்டு, ஐம்பது அடி போனதும் பிளாசாவின் வேகத்தடையில் வயிறு தேய்ந்து நின்று, பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மெல்ல மெல்ல ஏறி இறங்கிப் போனது.

அன்று பின்னேரம் பேர்ணடெற்றிடம் எல்லாவற்றையும் சொன்னார். பூட்டியதையும் சொன்னார், கழற்றியதையும் சொன்னார். அவள் மேலங்கியை மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடிந்ததும், "நீங்களோ பூட்டினது?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். மூன்று நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது, கதை வரவில்லை. அந்த மூன்று நாளும் அவருக்கு லீஸ் போனது பெரிதாகத் தெரியவில்லை. நாலாம் நாள் அவள், "சனிக்கிழமை போய் முழுக்கச் சொல்லுங்கோ சுவாமிக்கு" என்றாள். போய்ச் சொன்னார்.

மே மாதம் முழுவதும் சாமான் ஏற்றியதில் போனது. ஹீற்றரை ஒருவர் வாங்கினார். மற்றதெல்லாம் அவருடைய பழைய வானுக்குள் போயின. இனி வீடு வீடாகப் போய், மற்றவர்களின் வீட்டுவாசல் டிறைவ்வேயில் வைத்துத்தான் வேலை. மழை பெய்தால் வேலை இல்லை. ஸ்ரீதரன் அந்தப் பெட்டியை வேறு எங்கேயோ கொண்டுபோய்ப் பூட்டுவித்துவிட்டார் என்று ஆட்கள் சொன்னார்கள். பூட்டியவன் வயரைக் கண்டபடி இழுத்து, இப்போது ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஓடுகிறதாம். டெனிஸ்டன் அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் கராஜைக் கூட்டிப் பூட்டி, திறப்பைக் கொடுப்பதற்காக வீதிக்கு மறுபக்கம் இருந்த ஒஃபீசுக்குப் போனார். ஸ்ரீதரன் போனில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. டெனிஸ்டன் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வீதிக்கரையில் பிள்ளைகள் நின்றார்கள். அவர் அவர்களைத் தாண்டி ஒரு காலை இறக்கினார்.

"நில்லுங்கோ அதில," என்றாள் பேர்ணடெற் நடுவீதியிலிருந்து. "பிள்ளையள் முதல்."

நின்றார். பிள்ளைகள் கடந்து போனார்கள். கடைசியாக அவள் அவரையும் விட்டாள். பலகையைத் தூக்கிப் பிடித்தபடியே, அவர் பக்கத்தில் வரும்போது கேட்டாள்:

"திறப்பைக் குடுத்திட்டியளோ?"

"ஓம்."

"அவன் என்ன சொன்னவன்?"

"மேசையில வைக்கச் சொன்னான்."

"வேற?"

"வேற அவனிட்ட என்ன இருக்கு," என்றார் டெனிஸ்டன்.